போடிமெட்டு டீ மாஸ்டரின் கை

போடிமெட்டில் ஏலக்காய்த் தோட்ட ஜீப்புகள் நிற்கிற இடத்தில் சோலைமலையின் டீக்கடையைப்போல ஒரு கடை கிடையாது. சொன்னவர் சோலைமலையேதான், மறுத்தவருக்கு அன்று டீ இல்லை. அடிவாரத்துச் சிலமலையில் மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு மலையேறியவர், எச்சில் கிளாஸ் கழுவிக் கழுவியே சொந்தக் கடை போட்டார். ஒரு கை தலைக்கு மேலே, ஒரு கை இடுப்புக்குக் கீழே. நடுவில் டீ கயிறுபோல இறங்கும். சொட்டுச் சிந்தாது.

போன வருசம் அவர் காதில் யாரோ திட்டுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஆளில்லாத பக்கமெல்லாம் திரும்பிப் பதிலுக்குத் திட்டினார். மனைவி முத்துப்பேச்சி போடிக்குக் கூட்டிப்போய் மனநல டாக்டர் பியூலாவிடம் காட்டினாள். மாத்திரை போட்டதும் சத்தம் அடங்கியது. ஆனால் உடம்பு விறைத்தது, கை நடுங்கியது, கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்றது. டீ பாதி கிளாஸில், பாதி வேட்டியில்.

"அண்ணே, வேட்டியப் புழிஞ்சா எனக்கொரு டீ தேறுமா?" என்றான் ஜீப் டிரைவர் பிரேம்சிங்.

ஜீப்பில் இருந்த கூட்டமே சிரித்தது. காதில் கேட்ட வசவுகூட அவரை அப்படிக் குத்தியதில்லை. கை போனால் கடை போச்சு. கடை போனால் சோலைமலை யார்? டாக்டரிடம் சொல்லலாம்தான். 'எனக்கா நடுக்கம்?' என்ற வீம்பு விடவில்லை.

சிரித்த பாவத்துக்குப் பிரேம்சிங்கே ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். "கஞ்சாண்ணே. ரெண்டு இழுப்பு இழுங்க, கை கல்லு மாதிரி நிக்கும்."

கடைக்குப் பின்னால் போய் இழுத்தார். கை நின்றதுபோலத்தான் இருந்தது. தினமும் இழுத்தார். ஒருநாள் காலையில் பாய்லர் பேசியது.

"எவன்டா அவன், என் டீயக் கழனித்தண்ணிங்கிறது? வெளிய வாடா!" என்று அதைப் பார்த்துக் கத்தினார் சோலைமலை.

பாய்லரோடு அவர் மல்லுக்கு நிற்க, டீக்கு வந்த கூட்டம் சிதறியது. பிரேம்சிங் பொட்டலத்தைப் பற்றி உளறினான். முத்துப்பேச்சி அடுப்பை அணைத்தாள். "பிரேம்சிங்கு, வெரசா வண்டிய எடு. நீ பாத்த சோலிக்கு நீயே போடிக்கு எறக்கிவிடு."

டாக்டர் பியூலா நடந்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "அந்தப் புகை சில மாத்திரையோட வேகத்தக் கொறச்சிரும். அடங்குன சத்தத்தையும் கிளப்பிவிடும். நடுக்கம் மாத்திரையால வந்தது. எங்கிட்டச் சொன்னா அளவ மாத்துவேன், இல்ல வேற மாத்திரை தருவேன். ஏன் சொல்லல?"

"நான் டீ மாஸ்டரும்மா. கை ஆடுதுன்னு எந்த வாயால சொல்றது?"

"ஏலக்கா காயவைக்கிற ஸ்டோர்ல தீயப் போட்டுக் கதவையும் தொறந்து வச்சா காய் காயுமா?" என்று முத்துப்பேச்சி பொரிந்தாள். "அதத்தான் இந்த மனுசன் பண்ணிருக்காரு."

டாக்டர் சிரித்துக்கொண்டே மாத்திரையை மாற்றி எழுதினார்.

கடைக்குத் திரும்பியதும் மிச்சப் பொட்டலத்தை அடுப்பில் போடப் போனாள் முத்துப்பேச்சி. "அடியே, பொகை கெளம்புனா அப்பறம் ஜீப்பு மொத்தமும் பாய்லர்கூடப் பேசும்!" என்று சோலைமலை பிடுங்கிச் சாக்கடையில் கரைத்தார்.

பாய்லர் வாயை மூடிக்கொண்டது. மெல்ல மெல்லக் கால் நின்றது. கையில் ஒரு சின்ன அதிர்வு மட்டும் மிச்சம். ஜீப்புகள் வரிசைகட்டிய காலையில் சோலைமலை மறுபடி டீ ஆற்றினார். கை தலைக்கு மேலே போகவில்லை, நெஞ்சோடு நின்றது.

"என்னண்ணே, டீ குட்டையாயிருச்சு?" என்றான் பிரேம்சிங்.

"ஒசத்தி ஆத்துனா ஏலக்கா மணம் காத்தோட போயிரும்டா. இத்தன நாளா மணமில்லாத டீயக் குடிச்சிட்டு என்னையப் புகழ்ந்திருக்கீக!"

பிரேம்சிங் அவர் வேட்டியைப் பார்த்தான். சொட்டுக் கறை இல்லை. இன்னொரு கிளாஸ் கேட்டு வாங்கிக் குடித்தான்.