ஜெபமணி அக்கா கட்டிய பன்னிரண்டு பீஸ் பாட்டு

அந்தச் செய்தி வந்தபோது நான் காதர்பேட்டையில் என் கடையில் பனியன் எண்ணிக்கொண்டிருந்தேன். பாலக்காட்டிலிருந்து வந்த வியாபாரி எதிரே நின்றிருந்தார். "நாலு பெரியகுட்டி" என்று வாய்க்குள் முணுமுணுத்தபடி மூன்றாவது பீஸை அடுக்கும்போது போன் அடித்தது. என் பழைய கம்பெனியில் பேக்கிங் மேசையில் நின்ற சுமதி. "அண்ணா, நம்ம ஜெபமணி அக்கா போயிட்டாங்ண்ணா. காலையில டீ குடிச்சுட்டு உக்காந்திருந்தாங்களாமா. அப்படியே..." போனை வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். எண்ணிக்கை தவறியது. மூன்றாம் முறையும் தவறியது. வியாபாரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே எண்ணிக் கட்டிக்கொண்டு போனார்.

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் ஒரு பக்கம் எழுதுங்கள் என்று சுமதி கேட்டாள். அக்கா வேலை செய்த பனியன் கம்பெனியின் பேக்கிங் ஹாலில் பத்து வருடம் நான் சூப்பர்வைசராக இருந்தவன் என்பதால் கேட்டாள். என்ன எழுதப்போகிறேன் என்று தெரிந்திருந்தால் கேட்டிருப்பாளா என்பது சந்தேகம். இதைப் படிக்கிற பலரும் அவரோடு அந்த மேசைகளில் நின்றவர்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததில் ஆரம்பித்து, தெரியாததில் முடிக்கிறேன்.

எனக்குப் பாட்டென்றால் ஆகாது. ரசனை இல்லாதவன் என்று எண்ண வேண்டாம். ஒரு பாட்டு காதில் விழுந்தால் என்னிடமிருந்து லேசில் போகாது. உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும். சோப்பு விளம்பரம் ஒன்று ஒரு பங்குனி மாதம் முழுக்க என்னோடு குடியிருந்தது. சாமி கும்பிடும்போதுகூட அதுதான் வந்தது. இப்படிப்பட்டவன் கீழே வேலைக்கு வந்து சேர்ந்தவர்தான் ஜெபமணி அக்கா. சாத்தான்குளம் பக்கத்துக்காரர். கணவர் போனபிறகு மகளோடு மண்ணரைக்கு வந்து, லைன் வீட்டில் ஒரு அறை பிடித்தார். வாய் ஓயாமல் ஏதாவது முனகிக்கொண்டே இருப்பார். முதல் நாளே எனக்குச் சனி பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

தினமும் பத்து மணிக்கு எங்கள் கம்பெனி வாசல் வழியே தலையணை விற்கிற ஆட்டோ ஒன்று போகும். பனியன் கழிவை அடைத்த தலையணை. அதன் ஒலிபெருக்கியில், "தலகாணி வந்திருக்கு தலகாணி, தலைக்கு ரெண்டு வாங்கிக்கோ மகராணி" என்று ஒரு ராகம். அதைக் கட்டியவனை நேரில் கண்டால் இரண்டு அறை விடலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். பத்து மணிக்குக் காதில் ஏறினால் மாலை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் வரை இறங்காது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "ஏனுங்க்கா, நீங்களும் அதையே பாடித் தொலைக்கோணுமா? மண்டைக்குள்ள பூந்துட்டு வெளிய போகமாட்டீங்குது" என்று அக்காவிடம் எரிந்து விழுந்தேன்.

அவர் கோபப்படவில்லை. மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தார். "தம்பி, நீங்க அதைப் பாதியிலயே விரட்டுதிய. அதான் போவ மாட்டேங்கி. பாதியில விட்ட பாட்டு வாசல்ல நின்னு கதவைத் தட்டிக்கிட்டேதான் கெடக்கும். உள்ள கூப்பிட்டு முழுசாப் பாடி முடிச்சிருங்க. அது பாட்டுக்குப் போயிரும்" என்றார். அன்று மாலை பைக்கில் போகும்போது ஹெல்மெட்டுக்குள் அந்தத் தலையணைப் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை பாடினேன். சிக்னலில் பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். வீடு வந்தபோது பாட்டு போயிருந்தது. அன்றிலிருந்து எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அந்த ராகத்தை அவர் என்ன செய்தார் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். அப்போது ஒரே ஆர்டர் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெட்டிக்குப் பன்னிரண்டு பீஸ்: சின்ன சைஸ் இரண்டு, நடு சைஸ் நான்கு, பெரியது நான்கு, அதற்கும் பெரியது இரண்டு. கேட்க எளிது. நாள் முழுக்க நின்று அடுக்கிப் பார்த்தால்தான் தெரியும், மூன்று போட்டோமா நான்கு போட்டோமா என்று மதியத்துக்கு மேல் கைக்கே மறந்துவிடும். தினமும் ஏழெட்டுப் பெட்டி தவறும், நான் கத்துவேன். அக்கா தலையணை ராகத்தில் வார்த்தையை மாற்றிப் போட்டார்.

"ரெண்டு சின்னக்குட்டி, நாலு நடுக்குட்டி,
நாலு பெரியகுட்டி, ரெண்டு தடிக்குட்டி,
பன்னெண்டும் சேந்தாச்சு, பெட்டியை மூடு புள்ளே!"

ஒரே வாரத்தில் ஹால் முழுக்க அந்தப் பாட்டுதான். ஒடிசாவிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகாத ரஞ்சிதா, தமிழில் தண்ணீர் கேட்கத் தெரியாதவள், இதை மட்டும் பிசிறில்லாமல் பாடுவாள். "தடிக்குட்டி" என்று அவள் சொல்லும்போது மேசையே சிரிக்கும். சரக்கு வாங்குகிறவர்களின் ஆபீஸிலிருந்து சோதிக்க வந்த ஆள் டையைக் கட்டிக்கொண்டு "பெட்டியை மூடு புள்ளே" என்று முனகியபடி கார் ஏறியதை நான் பார்த்தேன். எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், பெட்டி தவறுவது நின்றுபோனது. "கை மறந்தாலும் வாய் மறக்காது தம்பி" என்பார் அக்கா. அவருக்கு அதில் கர்வம் உண்டு. அவருடைய அம்மா கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளின் பெயரையே மறந்து போனவர். "எனக்கு அது வராது. நான் எல்லாத்தையும் பாட்டுல முடிஞ்சு வச்சிருக்கேன்லா" என்று ஒருமுறை டீக்கடையில் சொல்லியிருக்கிறார்.

இனி உங்களுக்குத் தெரியாதது.

புது ஆர்டர் வந்தது. பேக்கிங் தாள் என் கைக்குத்தான் வந்தது. காலை டீ நேரத்தில், வாசலில் நான் தனியாக நின்றுகொண்டிருந்தபோது அக்கா வந்தார். "தம்பி, புதுசுக்கு எத்தனை எத்தனைன்னு சொல்லுங்க. பாட்டை மாத்தணும்லா" என்றார். தாளை விரித்துப் பார்த்தேன். ஒன்று, மூன்று, நான்கு, நான்கு என்று அச்சடித்திருந்தது. சத்தியமாகப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துத் தலையணை ஆட்டோ தெருவில் திரும்பியது. என் வாய் ராகத்தோடு போய்விட்டது. "பழசேதானுங்க்கா. ரெண்டு, நாலு, நாலு, ரெண்டு" என்றேன். "அப்ப நல்லதாப் போச்சு" என்று அவர் உள்ளே போனார். நானும் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் ஹால் பாடிக்கொண்டே கட்டியது. பெட்டியில் ஒட்டுகிற ஸ்டிக்கரில் சரியான எண்கள் பொடி எழுத்தில் இருக்கத்தான் செய்தன. வாய் பாடும்போது எவர் கண் ஸ்டிக்கரைப் படிக்கும்? பெட்டிகளில் பாதி முடியும்போதே சின்ன சைஸ் தீர்ந்துபோனது. கட்டிங் மாஸ்டர் குறைத்து வெட்டிவிட்டார் என்று நான் மீசையை முறுக்கிக்கொண்டு அவரிடம் சண்டைக்குப் போனேன். திரும்பி வந்தால், மூலையில் மிகப் பெரிய சைஸ் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அப்போதுதான் சட்டைப்பையைத் தொட்டேன். தாளைப் பிரித்தேன்: ஒன்று, மூன்று, நான்கு, நான்கு. திங்கள்கிழமை லாரி. ஒட்டிய பெட்டி அத்தனையையும் கிழித்து, ஞாயிறு பகல் முழுக்க எல்லோரும் திரும்பக் கட்டினோம். அக்கா அன்று கோயிலுக்குப் போகவில்லை.

மேனேஜர் எங்களை வரிசையாக நிற்கவைத்து, "இந்தக் கணக்கை யாருங்க சொன்னது?" என்று கேட்டார். ஒரு வார்த்தை போதும். நான்தானுங்க என்று சொல்லியிருந்தால் இரண்டு நாள் திட்டு வாங்கியிருப்பேன். நான் சொன்னது இது: "அக்கா பாட்டுல எண்ணிக் கட்டுனதுங்க சார். பழைய கணக்கு அப்படியே ஒட்டிக்கிச்சுங்க." பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அந்த மாதிரிப் பேச்சுக்கு எனக்கு நல்ல பயிற்சி உண்டு. அக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஏதோ ஒன்றை நினைவுபடுத்திப் பார்க்கிற பார்வை அது. பிறகு, "பாட்டு என்னுதுதான் சார்" என்றார்.

ஹாலில் பாடக்கூடாது என்று போர்டு மாட்டினார்கள். அக்காவைப் பக்கத்து யூனிட்டில் நூல் பிசிறு வெட்டும் வேலைக்கு மாற்றினார்கள். யாராவது எண்ணிக்கையில் தவறினால் "பாட்டுக்காரி கணக்கு" என்று சொல்லிச் சிரிக்கிற பழக்கம் நம்மிடம் வந்தது. நீங்களும் சொல்லியிருப்பீர்கள். நானும் கூடச் சிரித்திருக்கிறேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆறு வருடம் நடந்தேன். இடையில் வேலையை விட்டுக் கடை போட்டேன். பாட்டு மட்டும் விடவில்லை. அக்காவின் வைத்தியத்தைச் செய்து பார்த்தேன், முழுசாகப் பாடியும் பார்த்தேன். போகவில்லை.

போன மாதம் அவருக்கு உடம்பு முடியவில்லை, நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று சுமதி சொல்லி, மண்ணரைக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார். "வாங்க தம்பி. கடைக்காரர் ஆயிட்டியளாமே" என்று சிரித்தார். மகள் காபி கொடுத்துவிட்டுக் குழாயடிக்குப் போனாள். தலையணை ஆட்டோவைப் பற்றிப் பேசினோம், ரஞ்சிதாவைப் பற்றிப் பேசினோம். சொல்லவேண்டியதைத் தவிர எல்லாவற்றையும் பேசினேன். அக்காதான் திடீரென்று கேட்டார்: "அந்தப் புது ஆர்டருக்கு நான் பாட்டே கட்டலியே. அதுக்கு என்ன கணக்கு தம்பி?"

"ஒண்ணு, மூணு, நாலு, நாலுங்க்கா." யோசிக்காமல் வந்தது. ஆறு வருடத்துக்கு முந்தைய கணக்கு.

அவர் சாய்விலிருந்து நிமிர்ந்தார். "தாள்ல அப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமாங்க்கா. நான் பார்த்தேனுங்க. பார்த்துட்டுத்தான் உங்ககிட்ட மாத்திச் சொன்னேனுங்க. நான்தானுங்க."

திட்டுவார் என்று குனிந்திருந்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லவேளை, சொன்னிய. எங்கம்மைக்கு வந்த மறதி எனக்கும் வந்துட்டுன்னுல்லா பயந்துகிட்டு கெடந்தேன். நீங்க சரியான கணக்கைச் சொல்லி, நான்தான் மறந்துபோய் பழசைப் பாடிட்டேனோன்னு. அன்னையில இருந்து எதையும் ரெண்டு தரம் எண்ணாமப் படுக்கலே. சோத்துக்குப் போடுத அரிசியக்கூட."

இதைக் கேட்டபிறகு மன்னிப்பு என்ற சொல்லுக்கு என் வாயில் இடமில்லை. ஒரு மனுஷியின் வேலையை மட்டும் நான் பறிக்கவில்லை. தன் தலைமேல் அவருக்கு இருந்த நம்பிக்கையை ஆறு வருடம் பறித்து வைத்திருந்தேன். அழுதேன். அவர் என்னை அழவிட்டார், சமாதானம் சொல்லவில்லை. அதுதான் நியாயம். பிறகு கட்டில் சட்டத்தில் விரலால் தட்ட ஆரம்பித்தார்.

"ஒத்த சின்னக்குட்டி, மூணு நடுக்குட்டி,
நாலு பெரியகுட்டி, நாலு தடிக்குட்டி..."

அங்கே நிறுத்தினார். "பழைய முடிப்பு இதுக்குச் சேராது. நாலுல வந்து நிக்கி பாருங்க, இழுவை பத்தாது. கடைசி அடி வேற போடணும். மூச்சு வாங்குது. இன்னொரு நாள் வாங்க, சொல்லுதேன்" என்றார். அடுத்த வாரம் போகலாம் என்று இருந்தேன். அடுத்த வாரம் சீசன் ஆரம்பித்துவிட்டது.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது சுமதி என் அருகில் வந்தாள். "அண்ணா, அக்கா ஏதோ ஒரு பாட்டுக்குக் கடைசி அடி கட்டிட்டாங்களாமா. அண்ணன் வந்தா பாடிக் காட்டுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. பாடட்டுங்களா?" என்றாள். அவளுக்கு அது என்ன பாட்டென்று தெரியாது. இதைப் படித்தால் தெரியும்; உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கணக்கு ஜெபமணி அக்கா தவறவிட்டதல்ல. அவர் ஒரு பீஸ்கூடத் தவறவிட்டதில்லை.

"வேண்டாம் சுமதி" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

முழுசாகப் பாடி முடித்தால் பாட்டு போய்விடும் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அவரிடமிருந்து எனக்கென்று மிச்சம் இருப்பது இந்த இரண்டு அடிதான். கடையில் பனியன் எண்ணும்போது வருகிறது, பைக்கில் வருகிறது, சாமி கும்பிடும்போதும் வருகிறது. கடைசி அடியைச் சுமதி ஜெபத்தன்று உங்களுக்குப் பாடிக் காட்டட்டும். அப்போது நான் வெளியே போய் நின்றுகொள்கிறேன். எனக்கு அது பாதியிலேயே நிற்கட்டும். அக்கா கதவைத் தட்டிக்கொண்டே இருக்கட்டும்.