படத்துக்கு நான் கொடுத்த கயிறு

அந்தப் படத்தின் தொடக்கத்தில் ஓடும் பெயர்களில் என் பெயர் இல்லை. கட்டாயம் இருக்கும் என்று டைரக்டர் என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார். இராமநாதபுரம் கொட்டகையில், ஒப்பனைக்காரர் பெயரும் தையற்காரர் பெயரும் வந்து மறைந்த பிறகும் என் பெயர் வராததைப் பார்த்து எனக்கு அழுகை முட்டியது. என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். இன்னும் ஒரு மணி நேரத்தில் அதே கொட்டகையில் உண்மையில் ஏமாற்றப்பட்டவர் யார் என்பது வெளிவரும்; அது எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் முதலில் என் பெயருக்காகத்தான் அழுகை வந்தது. எழுதத் துணிந்த பிறகு அதை விட்டுவிட்டு எழுதக் கூடாது.

நான் பரமக்குடிக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். மதுரையில் பி.ஏ. படித்தேன். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் கழித்து, பாம்பனுக்கு அருகே ஒரு மீனவர் ஊரில் கோயில் நடத்திய பள்ளிக்கூடத்துக்குத் தமிழாசிரியராகப் போனேன். கோயில் என்றால் அங்கே மாதா கோயில். சாமியார்தான் தலைமை ஆசிரியர். எனக்குக் கடல் தெரியாது. அந்த ஊரில் என்னை முதலில் மனிதனாகச் சேர்த்துக்கொண்டவர், இலங்கையிலிருந்த தன் அண்ணனுக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்லி வந்த ஒரு கடல்காரர். என் வயதுதான். சொந்தமாக ஒரு வத்தை வைத்திருந்தார். பாய் கட்டி நான்கு பேர் ஓட்டும் மரப்படகு அது. அவரும், அவர் மனைவியின் தம்பியும், வேறு இருவருமாக அதில் தொழிலுக்குப் போவார்கள்.

நான் போன இரண்டாம் வருஷம் கார்த்திகையில் வடகடலில் ஒரு புயல் அடித்தது. உப்பேற்றி வந்த தோணி ஒன்று மணல் திட்டில் ஏறி உடைந்துகொண்டிருந்தது. கரையில் நின்றவர்களுக்கு அதிலிருந்தவர்கள் கையாட்டுவது தெரிந்தது. யாரும் போகவில்லை. என் நண்பர் வத்தையைத் தள்ளினார். மற்ற மூவரும் ஏறினார்கள். சாயங்காலம் திரும்பி வந்தபோது தோணிக்காரர்கள் நால்வரும் உயிரோடு வந்தார்கள். மச்சினன் மட்டும் வரவில்லை.

அந்த ஊரில் ஒரு முறை உண்டு. கடலில் ஒருவன் போய்விட்டால், கூடப் போனவர்களில் மூத்தவன் ஈரத் துணியோடேயே அவன் வீட்டு வாசலுக்குப் போக வேண்டும். வீட்டார் "எங்கன?" என்று கேட்பார்கள். அவன் இடத்தைச் சொல்வான். லைட் ஹவுஸ் இந்தக் கைப்பக்கம், பாலம் அந்தக் கைப்பக்கம், இத்தனை பாகம் ஆழத் தண்ணி. அவ்வளவுதான். "எப்படி?" என்று யாரும் கேட்பதில்லை. பெற்ற தாய்கூடக் கேட்பதில்லை. மறுநாளும் அதே ஆட்கள் அதே வத்தையில் ஏற வேண்டும். எப்படி என்று கேட்க ஆரம்பித்தால் ஒருவனை நம்பி ஒருவன் கடலில் இறங்க முடியாது. இதை யாரும் எனக்கு விளக்கவில்லை; வெகுகாலம் கழித்து நானாகப் புரிந்துகொண்டேன். அப்போது எனக்கு அது படிக்காதவர்களின் விசித்திரமாகத்தான் பட்டது.

ஆறேழு மாதம் சென்று, ஒரு பிற்பகல், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பாய் தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியை நிறுத்திவிட்டுச் சொன்னார். தோணிக்கும் வத்தைக்கும் நடுவே கயிறு கட்டி, மச்சினன்தான் தோணியில் ஏறி ஒவ்வொருவராக இறக்கிவிட்டான். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் தோணியின் பாய்மரம் முறிந்து அவன் கால்களின் மேல் விழுந்தது. தோணி புரண்டு இறங்கத் தொடங்கியது. கயிறு வத்தையையும் சேர்த்து இழுத்தது. வத்தையில் ஏழு பேர்.

"மூணு அல பாத்தேன் சார். நாலாவது அலையில அறுத்துட்டேன். அவன் என்னயப் பாத்துக்கிட்டே இருந்தான்."

கூட இருந்த இருவரும் முன்புறம் அணியத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள், தோணிக்காரர்கள் குப்புறக் கிடந்தார்கள், ஒருவரும் பார்க்கவில்லை என்றார். அறுத்த கயிற்றில் தன் பக்கம் நின்ற முனையைக் கடலில் விட மனம் வராமல் இடுப்பில் சுற்றிக்கொண்டாராம். கரையில் ஊரார் நடுவே மனைவிதான் அதை அவிழ்த்தாள். முடிச்சு நனைந்து இறுகியிருந்ததால் பல்லால் கடித்து அவிழ்த்தாள். ஏன் கட்டினீர்கள் என்று அவள் கேட்கவில்லை.

"சாமிகிட்டப் பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். அது ஆண்டவருக்கு. மனுசருக்குன்னு ஒருத்தர்கிட்டச் சொல்லணும்போல இருந்துச்சு. நீங்க கடல்ல போகாதவரு. ஒங்களுக்கு ஒன்னும் ஆகாது" என்றார்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் சொன்னது சரிதான்.

அந்த மீட்பைப் பற்றிப் பத்திரிகையில் நாலு வரி வந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு அடுத்த வருஷம் ஆனி மாதம் சென்னையிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி வந்து மண்டபம் ஊரில் இறங்கியது. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும் காலம். புயல் காட்சிகளுக்கு அது போதும் என்றார்கள். கதாநாயகனுக்கு நீந்தத் தெரியாது. ஆகவே அவருக்குப் பதிலாக அலையில் குதிக்க என் நண்பரைப் பிடித்தார்கள். கோடு போட்ட பனியனை மாட்டிக்கொண்டு அவர் வந்து நின்றதும் ஊர் கூடிச் சிரித்தது.

"ஏலே, கல்யாணத்துக்குக்கூட இம்புட்டு மினுக்கிக்கிட்டு நிக்கலயேலே நீ!"

"மொகத்தக் காட்ட மாட்டாகளாம். முதுகு மட்டுந்தானாம்."

"ஒன் மொகத்தக் காட்டுனா எவன் காசு குடுத்து வருவான்?"

கடற்கரைப் பேச்சைச் சரிபார்த்துக் கொடுக்க என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். கல்லூரி நாளிலிருந்து கதைகள் எழுதி, அனுப்பியதெல்லாம் திரும்பி வந்து, அலுத்திருந்தவன் நான். டைரக்டர் தினமும் பள்ளிவிட்ட பிறகு என்னை உட்கார வைத்துக் கதை பேசினார். அவர் என்னை "கவிஞரே" என்று கூப்பிட்டார். நான் கவிஞன் இல்லை, திருத்தவும் இல்லை. ஒருநாள் அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"போறான், காப்பாத்தறான், திரும்பி வர்றான். இதுல என்ன இருக்கு கவிஞரே? ஜனங்க எதுக்கு அழுவாங்க? இடைவேளைக்கு முன்னாடி ஒரு இடி விழணும்."

நான் கயிற்றைச் சொன்னேன்.

யாருடையது என்று சொல்லவில்லை. எங்கோ கேள்விப்பட்டதுபோலச் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு வெறி வந்தது. இன்னும் சொல்லத் தோன்றியது. கயிற்று முனையை இடுப்பில் சுற்றிக்கொண்டதையும் சொன்னேன். "அபாரம்" என்று என் கையைப் பிடித்தார். பெயர் போடுவதாகச் சொன்னது அப்போதுதான். வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குக் குற்ற உணர்ச்சி இருந்ததா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இல்லை. சந்தோஷமாக இருந்தேன்.

கயிறு அறுக்கும் காட்சியைச் சென்னையில் ஸ்டுடியோத் தொட்டியில் எடுத்துக்கொண்டார்கள். ஊரில் யாருக்கும் தெரியவில்லை.

படம் இராமநாதபுரத்துக்கு வந்த முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும் ஊரே ரயிலேறியது. மத்தியான ஆட்டம். என் நண்பர் மனைவியோடும் மாமியாரோடும் எனக்கு முன்வரிசையில் இருந்தார். அலையில் ஒரு உருவம் பாயும்போதெல்லாம் சத்தம் கிளம்பியது.

"அது நம்மாளு முதுகுலே!"

"தல நிமிந்தா மட்டும் அந்தச் செவத்த பய வந்துர்றான் பாரு!"

அதன்பின் அந்தக் காட்சி வந்தது. டைரக்டர் மாற்றியிருந்தார். உடைந்த தோணியில் நின்று எல்லோரையும் இறக்கிவிடுபவன் கதாநாயகன். வத்தையில் இருப்பவன் அவனுடைய உறவுக்காரன், வில்லன். கதாநாயகனின் மனைவி மேல் அவனுக்கு ஆசை. பாய்மரம் விழவே இல்லை. வில்லன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சிரித்தபடி கயிற்றை அறுத்தான். அறுத்த முனையை நிதானமாக இடுப்பில் சுற்றிக்கொண்டான்.

சத்தம் நின்றது. நண்பரின் மனைவி திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கணவரின் இடுப்பைப் பார்த்தாள். மாமியார் அவளைப் பார்த்தாள். வேறு ஒன்றும் நடக்கவில்லை. படம் முடிந்து ரயிலில் திரும்பும்போது ஒருவரும் பாடவில்லை.

அதில் இன்னொரு விபரீதம் இருந்தது. இறந்தவன் பங்கு என்று ஒன்று அங்கே உண்டு. மீன் பிரிக்கும்போது அவன் குடும்பத்துக்கும் ஒரு பங்கு போக வேண்டும். மச்சினனின் இளம் மனைவிக்கு அந்தப் பங்கை என் நண்பர்தான் தினமும் தன் கையால் கொண்டுபோய்க் கொடுத்துவந்தார். ஊர் அதுவரை அதைப் புண்ணியமாகப் பார்த்தது. வில்லனுடைய ஆசையைத் திரையில் பார்த்த பிறகு எப்படிப் பார்த்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் காலை, வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது அவர் மனைவி பள்ளிக்கூட வராந்தாவில் வந்து நின்றாள்.

"சார், ஒரு வார்த்த கேக்கணும்."

"சொல்லும்மா."

"நேத்து வீட்டுக்கு வந்ததும் கேட்டுட்டேன். கேக்கக் கூடாதுதான். கேட்டுட்டேன். தம்பி கால்ல மரம் விழுந்துருச்சாம். ஏழு உசுரு வத்தையில இருந்துச்சாம். அதான் அறுத்தேங்குறாரு."

நான் சாக்கட்டியைக் கீழே வைத்தேன்.

"இம்புட்டு நாளு சொல்லாம, படத்துல பாத்தப்பறம் சொல்றீகளேன்னேன். அப்பவே சார்கிட்டச் சொல்லிருக்கேன், மரம் விழுந்தது அவருக்குத் தெரியும், போயிக் கேளுன்னாரு. அவரு ஒங்ககிட்டச் சொன்னாரா சார்?"

அவள் நம்பத் தயாராக வந்திருந்தாள். அது முகத்தில் தெரிந்தது. ஆமாம் என்று ஒரு சொல் போதும். ஆனால் ஆமாம் என்றால், படத்துக்கு எப்படிப் போயிற்று என்பது அடுத்த கேள்வி. சாமியாரின் அறை இரண்டு வாசல் தள்ளி இருந்தது, கதவு திறந்திருந்தது.

"இல்லம்மா. என்கிட்ட எதுவும் சொன்னதில்லை. அதெல்லாம் சினிமாக்காரங்க கற்பனை" என்றேன்.

"இடுப்புல கயிறு கட்டுனதுமா?"

"அதுவும்தான்."

அந்தக் கயிற்றைப் பல்லால் அவிழ்த்தவளிடம் அதைக் கற்பனை என்றிருக்கிறேன். அவள் அதிலிருந்து ஒன்றைத்தான் முடிவு செய்திருக்க முடியும். சினிமாக்காரர்களோடு இரண்டு மாதம் ஒன்றாகத் தின்று திரிந்தவர் அவள் கணவர். அவரேதான் அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். கயிறு உண்மையென்றால் ஆசையும் உண்மை. பாய்மரம்தான் நேற்று கட்டிய கதை.

"சரி சார்" என்று சொல்லி இறங்கிப் போனாள். அன்றைக்கே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். மச்சினன் மனைவி பங்கு மீனைத் திருப்பி அனுப்பினாள். வத்தையில் கூடப் போன இருவரும் மறுநாள் கரைக்கு வரவில்லை. யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏறவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் அவர் வந்தார். பையன்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் மேஜைக்குப் பின்னால் நின்றேன்.

"சார், நான் ஒங்ககிட்டச் சொல்லலயா?"

நான் மேஜைமேல் கிடந்த நோட்டுகளை அடுக்கினேன்.

"படத்துக்குக் குடுத்ததக்கூட விட்டுறலாம். ஆசையில குடுத்துட்டீக. அவ நேரா வந்து கேட்டாளே சார்."

எதையோ சொல்ல ஆரம்பித்தேன். சாமியார், வேலை என்று ஏதோ. அவர் கைகாட்டி நிறுத்தினார்.

"நல்லா நடிச்சிருக்கீக. அந்தக் கம்பெனிக்காரன் என்னயப் போயி கடல்ல தள்ளிவிட்டான் பாருங்க. ஒங்களயில்ல புடிச்சிருக்கணும்."

அப்போதும் எனக்கு நேரம் இருந்தது. அவர் மாமியார் வீடு பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடு தூரம். நான் போகவில்லை. ஒரு மாதத்தில் அவர் வத்தையை விற்றுவிட்டு நாகப்பட்டினம் பக்கம் கூலிக்குப் போய்விட்டார் என்றார்கள். வருஷ முடிவில் நான் பரமக்குடிக்கே வேலை மாற்றிக்கொண்டேன். விடைபெறும்போது சாமியார் என்னை நேர்மையான மனிதர் என்று பாராட்டிப் பேசினார்.

பத்து வருஷம் கழித்து, தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன புயலுக்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அவள் இருக்கிறாளோ இல்லையோ என்ற பயம். பாலம் சரிசெய்து ரயில் விட்டதும் போனேன். அவள் இருந்தாள். தலை நரைத்திருந்தது. மணலில் ஓலை விரித்து மீன் காயவைத்துக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் கண்டு எழுந்து நின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். பாய்மரம், மூன்று அலை, டைரக்டர், அன்றைக்கு நான் சொன்ன பொய்.

"அவரு படத்துக்கு அப்பறம் சொன்னாரு. நீங்க புயலுக்கு அப்பறம் சொல்றீக" என்றாள்.

"இது சத்தியம்மா."

"அன்னைக்கும் சத்தியம் கேட்டுருந்தா பண்ணிருப்பீக சார்."

நண்பர் இருக்குமிடம் தெரியுமா என்று கேட்டேன். போன வருஷமே நாகப்பட்டினத்தில் இறந்துவிட்டார், மூத்த மகன் போய் அடக்கம் செய்துவிட்டு வந்தான் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் மாற்றம் இல்லை. அவருக்காக நான் கொண்டுபோன உண்மையை வைத்துக்கொண்டு நான் நின்றேன். அவள் குனிந்து, வெயில் படாத பக்கம் மேலே வரும்படி மீன்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போடத் தொடங்கினாள்.