சட்டைப்பையில் இருந்த பஸ்ஸர்

கார் ரிவர்ஸ் சென்சார் பழுது பார்க்கிற தொழிலில், கத்துகிற வண்டியை எப்படியும் சமாளித்துவிடலாம். கத்தாத வண்டிதான் ஆபத்து. பின்னால் எடுக்கும்போது எங்காவது முட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருக்குமே, அந்த உரிமையில் சொல்கிறேன்.

சேற்றுக் கார்

கடக்வாஸ்லா அணைக்குப் போய்விட்டு வந்த கார். பின் பம்பர் முழுக்கச் சேறு, ஒரு மூலையில் நசுங்கல். சென்சாரை ஈரத்துணியால் துடைத்தேன், பழையபடி கத்தியது. அவ்வளவுதான் வைத்தியம். ஓட்டி வந்தது பாணேரில் ஐ.டி. வேலை பார்க்கும் சென்னைப் பெண். "கொஞ்சம் திரும்பிப் பார்க்கக் கூடாதாம்மா?" என்றேன்.

"சத்தம் வரலைன்னா பின்னாடி ஒண்ணும் இல்லைன்னுதானேண்ணா அர்த்தம்?"

சனிக்கிழமை வியாதி

செந்தில் கோயம்புத்தூர்க்காரர், இங்கே பாணேரில் ஓர் அடுக்குமாடியில் அப்பாவோடு குடியிருக்கிறார். அவர் கார் ரிவர்ஸ் போட்டதுமே விடாமல் கத்தியது. அந்தக் கூச்சலில் வேலை ஓடாது. எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: கத்துகிற பஸ்ஸரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஒவ்வொரு ஒயராக மீட்டர் வைத்து அரைமணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் அது கண்ணில் பட்டது. டிக்கியிலிருந்து ஒரு எலுமிச்சை மிளகாய்ச் சரம், சென்சாருக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமைதோறும் அப்பா புதிதாகக் கட்டுவாராம். அப்பாவுக்குக் காது மந்தம், ஆனால் சரம் மட்டும் மறக்காதாம். செந்தில் அதை அறுத்து எறிந்தார். ரிவர்ஸ் போட்டார். மூச்சில்லை. இரண்டு பேரும் சிரித்தோம்.

"இப்பத்தானுங்க நிம்மதி, சத்தமே இல்லீங்க பாருங்க!"

பேஸ்மென்ட்

அவர் போய் வெகுநேரம் கழித்து, மூக்குக்கண்ணாடிக்காகப் பையில் கை விட்டேன். கையில் வந்தது பஸ்ஸர், திரும்ப மாட்டவே மறந்திருக்கிறேன். எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. அன்றும் சனிக்கிழமை. சரம் இல்லாததைப் பார்த்தால் பெரியவர் சும்மா இருப்பாரா? வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து புதுசு கட்டுவார். போன் போட்டேன், செந்தில் எடுக்கவில்லை. கட்கியில் இருக்கும் என் கடையிலிருந்து பாணேரில் அவர் வீடு வரை ஸ்கூட்டரில் எத்தனை சிக்னலைத் தாண்டினேன் என்று எனக்கே தெரியாது.

பேஸ்மென்ட்டில் அந்தக் கார் நின்றது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் தெரியாத தாழ்வில் பெரியவர் குந்தி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். ரிவர்ஸ் விளக்கு எரிந்தது. கார் நகர்ந்தது. பயத்தில் 'நிறுத்து' என்று சொல்ல எனக்குத் தமிழே வரவில்லை, இந்தியில் "ருகோ! ருகோ!" என்று கத்திக்கொண்டே ஓடி டிக்கியில் ஓங்கி அறைந்தேன்.

கார் நின்றது. பெரியவரின் முழங்காலுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. இறங்கி வந்த செந்திலின் முகம் வெளுத்திருந்தது. பஸ்ஸரை நீட்டி, தப்பு என்னுடையது என்றேன். பெரியவர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரத்தைத் தொட்டுக் காட்டினார்.

"பாத்தீங்களா, கட்டி முடிச்ச அடுத்த நிமிசமே வேலை செய்யுது!"

அன்றிலிருந்து நான் கழற்றிய பஸ்ஸரைப் பல்லில் கவ்விக்கொண்டுதான் வேலை பார்க்கிறேன், வாடிக்கையாளர் ஏதாவது கேட்டால் என்னால் தலையை மட்டும்தான் ஆட்ட முடிகிறது.