சிவப்பா, பச்சையா?

லிஃப்ட் மெக்கானிக் தன் மனைவிக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ரேடியோ. கல்யாணமான புதிதில் கேலியாக வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தவள். ஒரு தாளை நகலெடுக்க வந்தவரிடம் அவர் குடும்பக் கதை முழுவதையும் கறந்துவிட்டுத்தான் தாளைக் கையில் கொடுப்பாள். சாயங்காலம் அத்தனையும் மெக்கானிக்கின் காதுக்கு வந்து சேரும். "கொஞ்சம் வால்யூமைக் குறைம்மா" என்பார். ஒரு நாளும் அவள் குறைத்ததில்லை.

போன வருஷம் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. உயிர் தப்பியது. வலது கையும் காலும் பாதி திரும்பின. பேச்சு மட்டும் திரும்பவில்லை. கேட்பது புரியும், சொல்ல வேண்டியது மனசுக்குள் இருக்கும், ஆனால் வாயில் வருவது ஒரே ஒரு வார்த்தை. பசித்தாலும் "சரி", கோபம் வந்தாலும் "சரி", வேண்டாம் என்று தலையாட்டும்போதுகூட "சரி."

வேலையை விட்டுவிட்டு வீட்டோடு உட்கார அவரால் முடியாது. வெளியூரில் இருக்கும் மகள் ஒரு கேமரா வாங்கி அனுப்பினாள். ஏணி போட்டால்தான் எட்டும் உயரத்தில், கூடத்து மூலையில் அதை மாட்டினார். அதற்காகவே வீட்டுக்கு இன்டர்நெட் வந்தது. டிவிக்குக் கீழே உள்ள பலகையில் ரவுட்டர் உட்கார்ந்தது. அவள் டிவியில் பார்க்கும் தொடர்களும் அதன் வழியாகவே வரத் தொடங்கின. கேமராவில் சின்ன ஸ்பீக்கரும் இருந்தது. இவர் போனில் பேசினால் கூடத்தில் கேட்கும்.

வேலைக்கு நடுவே நடுவே போனை எடுத்துப் பார்ப்பார். அவள் எழுந்தால், "எங்க போறே? கம்பை எடுத்துக்கோ" என்பார். ஜன்னலோரம் நின்றால், "ரொம்ப நேரம் நிக்காதே, உக்காரு." அவள் மூலையை நிமிர்ந்து பார்த்து "சரி" என்பாள். போய் உட்கார்ந்துவிடுவாள். ரொம்ப வசதியாக இருக்கிறது என்று மகளிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

அன்றைக்கு ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்டுக்குக் கம்பி வடம் மாற்றும் வேலை. மெக்கானிக் உச்சியில் மோட்டார் அறையில் இருந்தார். கூட்டாளி கீழே குழிக்குள் இருந்தான். ஒரு இடத்தில் நிற்கமாட்டான் என்பதால் அவனுக்குப் பெயர் பம்பரம். கையைத் துடைத்துக்கொண்டு மெக்கானிக் போனைத் திறந்தார். கூடம் தெரிய வேண்டிய இடத்தில் கறுப்புத் திரை. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு எழுத்து வந்தது: இணைப்பு இல்லை.

மோட்டார் அறையில் சிக்னல் கிடைக்கவில்லையோ என்று மொட்டைமாடிக்கு வந்தார். அங்கே சிக்னல் முழுதாக இருந்தது. போனை அணைத்து மறுபடி போட்டார். அதே கறுப்புத் திரை.

மனைவியின் போன் எப்போதும் அவள் கழுத்தில் கயிற்றில் தொங்கும். அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். எடுத்தாள்.

"சரி" என்றாள். மூச்சு வாங்கியது.

"என்னம்மா, எங்க இருக்கே? விழுந்துட்டியா?"

"சரி."

"விழுந்துட்டியான்னு கேக்கறேன்."

"சரி, சரி."

விழுந்தேன் என்கிறாளா, இல்லை என்கிறாளா? நேரில் என்றால் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். குரலை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? படம் வந்தால் போதும் என்று தோன்றியது. அந்தப் பெட்டியை மட்டும் எப்படியாவது உயிர்ப்பித்துவிட வேண்டும்.

"பதறாம கேளு. டிவிக்குக் கீழ ரவுட்டர் இருக்குல்ல, அதுல லைட் எரியுதா?"

"சரி."

"சிவப்பா, பச்சையா?"

"சரி" என்றாள். சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை, சரி என்று ஒரு நிறம். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பார்.

"பரவாயில்ல. பக்கத்துல ஸ்விட்ச் இருக்கு பாரு, அதை ஆஃப் பண்ணு. கொஞ்ச நேரம் விட்டுட்டு ஆன் பண்ணு. குனியாதே. உக்காந்துக்கிட்டே பண்ணு."

கம்பு தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. பிறகு ஏதோ கனமானது கீழே விழுந்தது. "சரி, சரி, சரி" என்று படபடத்தாள். போன் துண்டித்துப்போனது. அதற்குப் பிறகு எத்தனை முறை அடித்தும் எடுக்கவில்லை.

எதிர் வீட்டு டீச்சரம்மாவை அழைத்தார். அவர் வகுப்பில் இருந்தார்போல, எடுக்கவில்லை. இன்டர்நெட் கம்பெனிக்கு அடித்தார். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, காத்திரு என்று அலைக்கழித்துவிட்டுக் கடைசியில் ஒரு பெண் வந்தாள்.

"ரவுட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க சார்."

"நான் வீட்ல இல்லம்மா. வீட்டம்மாவுக்குப் பேச வராது. தனியா இருக்கா. அங்கிருந்தே உங்களால ஏதாவது பண்ண முடியாதா?"

அவள் குரல் தணிந்தது. "இருங்க சார், பாக்கறேன்... உங்க ஏரியால எந்தப் பிரச்சனையும் இல்ல. உங்க பெட்டிக்குள்ள மட்டும் லைன் போகல. பின்னாடி மஞ்சளா ஒரு ஒயர் இருக்கும், அது கழண்டிருக்கும், இல்லன்னா அறுந்திருக்கும். ஆள் அனுப்பறேன், நாளைக்குள்ள வந்துடுவாங்க."

"நாளைக்கா?" என்றார். அவருக்கே கேட்காத குரலில்.

ஒயர் அறுந்திருக்கிறது என்றால் அவள் பலகையோடு சேர்ந்து விழுந்திருக்கிறாள். வேறு எப்படி அறும்? அந்த நினைப்பு வந்ததும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனாலும் குழிக்குள் ஒரு மனிதன் இருக்க, வடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓட முடியாது. பம்பரத்தை மேலே வரச் சொல்லி, லிஃப்டைப் பூட்டி, எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

"நீங்க கிளம்புங்கண்ணே, மேனேஜர்கிட்ட நான் பேசிக்கறேன்" என்று பம்பரம் வண்டிச் சாவியை அவர் கையில் திணித்தான். வழியெல்லாம் அவர் ஒன்றையே வேண்டிக்கொண்டு போனார்: நெற்றி அடிபடாமல் இருக்க வேண்டும்.

வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவள் தாழிடுவதே இல்லை. கதவை இரண்டு கையாலும் தட்டினார். உள்ளே கம்புச் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் மெல்ல விலகியது. நின்றுகொண்டிருந்தாள். தலை குளித்திருந்தாள். புடவையைத் தானே கட்டியிருந்தாள். கொசுவம் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, முந்தானை கோணலாக. இடது கையால் மட்டும் கட்டியது. கூடத்தின் நடுவே தண்ணீர்க் குடம் உருண்டு கிடந்தது. விழுந்தது அதுதான். கழுத்தில் தொங்கும் போன் கயிற்றோடு டிவிப் பலகையில் கிடந்தது.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகையை மறைக்க ரவுட்டர் பக்கம் நகர்ந்தார். சிவப்பு விளக்கு மினுக்கியது. மஞ்சள் ஒயர் அறுந்திருக்கவில்லை. கழன்று ஓரமாகக் கிடந்தது. தட்டுப்பட்டுக் கழண்டிருக்கும் என்று எடுத்து மாட்டினார். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. மூலையில் கேமராவின் கண் விழித்தது.

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இடது கை விரலால் ஒயரின் முனைக் கவ்வியைத் தேடிப் பிடித்தாள். அமுக்கிக்கொண்டே இழுத்தால்தான் வரும். நகம் வெளுக்க அமுக்கி இழுத்தாள். பச்சை போய்விட்டது.

"ஏம்மா?" என்றார்.

அவள் மூலையைக் காட்டினாள். பிறகு அவர் வாயைக் காட்டினாள். பிறகு தன் நாற்காலியை ஓங்கி ஓங்கித் தட்டினாள். உக்காரு, உக்காரு என்று. கண்ணில் நீர் தளும்பியது. "சரி. சரி. சரி" என்றாள், ஒவ்வொன்றையும் கடித்துத் துப்புவது போல. ஏணியில் ஏற அவளால் முடியாது. எட்டுகிற இடத்தில் இருந்தது இந்த ஒயர்தான். தான் பார்க்கும் தொடர்கள் போனாலும் போகட்டும் என்று அதையே பிடுங்கியிருக்கிறாள்.

"நீ விழுந்துட்டா நான் என்ன பண்ணுவேன்? அங்க எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?" என்றார். கோபமாகத்தான் ஆரம்பித்தார், பாதியில் குரல் உடைந்தது. அவள் அவர் தலையில் கை வைத்தாள். ஆனால் ஒயரைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

சாயங்காலம் ஏணி போட்டுக் கேமராவைக் கழற்றினார். அப்புறம்தான் ஒயரைக் கொடுத்தாள்.

மறுநாள் வேலையில் அவருக்கு மனசே நிலைகொள்ளவில்லை. கை தானாகப் பைக்குள் போகும், போனை எடுக்கும், பார்க்க ஒன்றுமிருக்காது. மத்தியானம் ஒரு தரம் மட்டும் பேசுவது என்று வைத்துக்கொண்டார். அதுவரை உள்ள நேரம் முள்மேல் நிற்பது போலத்தான் கழிந்தது. இன்றும் அப்படித்தான் கழிகிறது.

மழைக்காலத்தில் அவள் குளியலறை வாசலில் ஒரு முறை வழுக்கி விழுந்தாள். டீச்சரம்மாதான் பார்த்துத் தூக்கினார். புருவத்தில் தையல் போட்டார்கள். "இப்பவாவது மாட்டிடுங்கப்பா" என்று மகள் போனில் அழுதாள். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து அவர் மனைவியிடம் கேட்டார், மறுபடி மாட்டட்டுமா என்று. அவள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பியதும் குளியலறைக்கு வெளியே பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் கம்பி அடித்தார். லிஃப்டுக்குள் சுவரோரம் இருக்குமே, அதே மாதிரி. கேமராவை மகளுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்.