மாமாவைத் தைத்த மிஷின்

2009-ஆம் வருஷம். அப்போது நாங்கள் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில், என் கணவருக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அதற்கு முந்தைய வருஷம்தான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் அத்தை, அப்பாவின் அக்கா, காலமானார். அங்கே ஆபீஸ் போகும் பெண்களில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்தவர் அவர். போவதற்கு முன்னால், தன்னுடைய பழைய, காலால் மிதித்து ஓட்டும் தையல் மிஷின் எனக்குத்தான் என்று மகனிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

எனக்குப் பெருமை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அத்தைக்கு நன்றாகத் தைக்கத் தெரிந்த மருமகள் இருக்கிறார். நான் பட்டன் தைத்தால் சட்டையோடு பாக்கெட்டும் சேர்ந்து மூடிக்கொள்ளும். சொந்தக்காரர்களிடம் என்னைப் பற்றிப் பிரபலமான விஷயம் ஒன்றுதான்: உட்கார்ந்தால் காலை ஆட்டிக்கொண்டே இருப்பேன். பெண் பார்க்க வந்த அன்று நான் ஆட்டிய ஆட்டத்தில் டீப்பாய் மேல் இருந்த காபி டம்ளர்கள் கிணுகிணுவென்று பேச ஆரம்பித்துவிட்டன. காலாட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று என்னைத் திட்டாத ஆளே கிடையாது. இப்படிப்பட்டவளுக்கு எதற்கு மிஷின்? போகிற போக்கில் அத்தை என்னைக் கிண்டல் செய்துவிட்டார் என்றே நினைத்தேன்.

அத்தை மகன், எனக்கு மாமா முறை, மினி லாரியில் கொண்டுவந்து இறக்கினார்.

“இனிமே இது உன் பாடு புள்ள. இதுல இடிச்சி இடிச்சி என் கால் கட்டை விரலே கோணிப்போச்சி” என்று சொல்லிவிட்டு, பெண்ணைக் கட்டிக்கொடுத்த அப்பா மாதிரி நிம்மதியாகக் கிளம்பிப் போனார்.

பின்னறையில் போட்டு வைத்தோம். முதல் முறை மிதித்தபோது சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி, நூல் முழுக்க சிக்கிக்கொண்டு காக்காய்க்கூடு மாதிரி ஆனது. ஆனால் ஒன்று, மிதியில் கால் வைத்தால் எடுக்க மனசு வரவில்லை. விடாமல் மிதித்து மிதித்து, நேர்கோட்டில் தைக்கப் பழகினேன். வளைக்க மட்டும் வரவே இல்லை. அதனால் தலையணை உறையோடு நிறுத்திக்கொண்டேன். அந்த வருஷம் எங்கள் சொந்தத்தில் நடந்த எல்லாக் கல்யாணத்துக்கும் தலையணை உறைதான் அன்பளிப்பு.

அந்தச் சமயத்தில்தான் ஒரு புரளி கிளம்பியது. பழைய தையல் மிஷின் ஊசிக்கு மேலே உள்ள கம்பிக்குள் சிவப்பாக ஒரு பாதரசம் இருக்கிறதாம். வெளிநாட்டில் அதற்கு லட்ச லட்சமாகக் கொடுக்கிறார்களாம். இருக்கிறதா என்று கண்டுபிடிக்க மிஷினைப் பிரிக்கக்கூட வேண்டாம், செல்போனை ஊசிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் சிக்னல் செத்துவிடுமாம்.

மறு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து நின்றார். கழுத்தைச் சுற்றிப் புதுத் துண்டு, கையில் ஒரு கிலோ அல்வா.

“அம்மா ஞாபகம் ஜாஸ்தியாயிடுச்சி. அந்த மிஷினை ஒரு தரம் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

பார்த்தவர் கும்பிடவில்லை, சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து ஊசிக்குப் பக்கத்தில் நீட்டினார். கூடத்திலிருந்து என் கணவர் அந்த நம்பருக்குப் போன் போட்டார். ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்று போனில் பதிவுக் குரல் சொன்னதும் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எங்கள் பின்னறையில் எந்தக் காலத்திலும் எந்தப் போனுக்கும் சிக்னல் கிடைக்காது. அது என் கணவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆசை வந்தால் தெரிந்ததெல்லாம் மறந்துவிடும்போல. சத்தியமாகச் சொல்கிறேன், நானும் கொஞ்ச நேரம் மனசுக்குள் வளையல் வாங்கிக்கொண்டிருந்தேன்.

என் கணவர் ஸ்க்ரூ டிரைவரும் சுத்தியலும் எடுத்து வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. “கம்பி வரலன்னா தட்டி உடைச்சிடலாம்ணே” என்கிறார். உடைத்த பிறகு எனக்கு என்ன இருக்கும்? கிண்டலுக்குக் கொடுத்ததோ என்னவோ, அத்தை நினைத்து எனக்கென்று வைத்தது அது ஒன்றுதான். அல்வா, வளையல் எல்லாம் அந்த நிமிஷமே கசந்துவிட்டது.

“தச்சிகினு இருக்கிற உறையை முடிச்சிட்டுத் தரேன். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது” என்றேன். வெளிச்சம் போதாது என்று சாக்குச் சொல்லி, மிஷினைக் கூடத்து ஜன்னலுக்குத் தரதரவென்று இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். எப்படித் தடுப்பது என்று ஒன்றும் தோன்றவில்லை. பதற்றத்தில் கால் தானாக ஆட ஆரம்பித்தது. கால் ஆட ஆட மிஷினும் ஓடியது.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. ஊசி எங்கே ஓடிவிடுமோ என்று பக்கத்திலேயே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் துண்டின் நுனி பலகை மேல் சரிந்து, தலையணை உறைக்கு அடியில் போனதை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. கடகடவென்று ஒரு முழம் ஓட்டிவிட்டேன்.

நிமிரப் பார்த்தார், முடியவில்லை. கழுத்தைச் சுற்றியிருந்த துண்டு இழுத்து மறுபடியும் ஊசிக்கே கொண்டுவந்து விட்டது.

“அய்யோ, என்னை வச்சித் தச்சிட்டாடா!”

அந்த நேரம் பார்த்து அவர் செல்போன் அடித்தது. சட்டைப் பையில், ஊசிக்கு ஒரு ஜாண் தள்ளி, கணீரென்று அடித்தது. குனிந்தபடியே எடுத்தார். எதிர்முனையில் அவர் மனைவி போட்ட சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. “இன்னாங்க, லட்சம் இருக்குதா இல்லியா?”

துளி இரைச்சல் இல்லை. மாமா ஊசியைப் பார்த்தார், போனைப் பார்த்தார். என் கணவர் பின்னறையைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சுத்தியலை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது.

பிளேடால் ஒவ்வொரு தையலாகப் பிரித்து மாமாவை விடுவித்தேன். அசையாமல் குனிந்தே நின்றவர், மிதியை விட்டு இறங்கியும் இன்னமும் ஆடிக்கொண்டிருந்த என் காலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“அம்மா சரியாத்தான் சொன்னாங்க. எம் பொண்டாட்டிக்குக் குடும்மான்னு நான்தான் கேட்டேன். ‘அவ தச்சிப்பா, கடையில கூட புது மிஷின் வாங்கிப்பா. ஆனா உன் மாமன் பொண்ணு காலை ஆளாளுக்குத் திட்டுறாங்கடா, பாவம். அந்தக் காலுக்கு ஒரு வேலை குடுத்துட்டா யாரும் திட்ட மாட்டாங்க’ன்னாங்க.”

பிளேடை வைத்துவிட்டு அழுதுவிட்டேன். பாதி பிரித்த துண்டோடு மாமா பாவமாகக் காத்துக்கொண்டு நின்றார்.

இன்றைக்கும் என்னால் ஒரு ஜாக்கெட் தைக்க முடியாது. ஆனால் அந்த மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து எவ்வளவு நேரம் காலாட்டினாலும் எங்கள் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. எல்லோரும் குறையாகப் பார்த்ததை அத்தை ஒருவர்தான் ஒரு வேலைக்கு ஆகும் என்று பார்த்திருக்கிறார், அதைவிடப் பெரிய சொத்து எனக்கு யாரும் எழுதி வைக்கவில்லை.