உப்புத் தண்ணீரில் அடித்த மணி

அடையாறில் என் சனிக்கிழமை எலக்ட்ரானிக்ஸ் வகுப்புப் பிள்ளைகள் சால்டரிங் செய்த புகை மூக்கில் ஏறியதும், தி.நகரில் சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த, பின்னால் இடிக்கப்பட்ட ஃப்ளாட்டின் கார் ஷெட் நினைவுக்கு வந்தது. மோட்டார் இரைச்சலும் குக்கர் விசிலும் காதில் விழ, பக்கத்து வீட்டு ஷபானாவும் நானும் அங்கே பழைய ரேடியோக்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கிடப்போம்.

"டேங்க் நிறைஞ்சா அடிக்கிற மணி செஞ்சு காட்டுங்க, இல்லன்னா ஷெட்டைக் காலி பண்ணுங்க" என்றார் ஃப்ளாட் சங்கத்துச் செக்ரட்டரி மாமா.

இரண்டு ஒயர், ஒரு பஸ்ஸர்; தண்ணீர் இரண்டு ஒயரையும் தொட்டால் அடிக்கும். பக்கெட்டில் அருமையாக அடித்தது. மாடித் தொட்டியில் மூச்சே இல்லை. வழிந்த தண்ணீர் மாமாவின் தலையில் கொட்டியது.

ஷபானா ஒரு கை அள்ளிக் குடித்தாள். "மச்சி, உப்பே இல்ல, இது லாரித் தண்ணி! நம்ம பக்கெட்ல இருந்தது போர்வெல் தண்ணி. உப்பு இருந்தாதான் கரன்ட் நல்லா பாயும்!"

"மாமா, ஒரே ஒரு நாள்" என்று கெஞ்சினோம். மறுநாள், ஒயர்களுக்குப் பதிலாக நாங்கள் வைத்த தெர்மோகோல் மிதவை தண்ணீரோடு மேலே வந்து சுவிட்சைத் தட்ட, மணி அடித்தது. ஷெட் தப்பியது.

இன்று பிள்ளைகளின் பஸ்ஸரும் போர் தண்ணீரில் அடித்தது, குதித்தார்கள். அடுத்த சனிக்கிழமை உப்பில்லாத கேன் தண்ணீர் கொண்டுபோகப் போகிறேன், காரணத்தைச் சொல்லாமல்.