டிக் நின்ற சாயங்காலம்

ஜவளகிரிப் பக்கம், காட்டோரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் ராகிக் கொல்லை. கதிர் முற்றியதும் யானைகளுக்கு மூக்கில் வியர்த்துவிடும். சோலார் வேலி போட்டும் எனக்குப் பயம் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்தபடியே கொல்லை மூலையின் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று ஒரு கிறுக்குப் பிடித்தது.

ஓசூர் கம்பெனி ஒன்றில் எனக்கு மெயின்டனன்ஸ் வேலை. கெலமங்கலம் பழைய இரும்புக் கடையில் செத்துப்போன டேப் ரெக்கார்டர் கிடைத்தது. அதன் மைக்கைக் கழற்றி வேலியின் மூலைக் கம்பத்தில் கட்டினேன். அதன் டிரான்சிஸ்டர்களைப் பிடுங்கி, மைக்கின் மெல்லிய சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்க ஒரு ப்ரீஆம்ப் செய்து பால்பவுடர் டின்னுக்குள் வைத்தேன். ஒயரை வேலியோடேயே இழுத்து வந்து, வீட்டில் கிடந்த ஸ்பீக்கர் பெட்டியில் சொருகினேன். என் வீட்டுக்காரி கம்பத்தடியில் நின்று, "ஏங்க, கேக்குதா?" என்றாள். கேட்டது! கூடவே டிக், டிக், டிக். வேலியில் கரண்ட் விட்டு விட்டுப் பாய்வதை ஒயர் பிடித்துக்கொண்டது.

"காதே போயிரும் போலிருக்குது. அதத் தூக்கிக் கடாசுங்க," என்று தினமும் திட்டுவாள்.

எனக்கும் ரோஷம். ஒரு சாயங்காலம் இரைச்சலை அடக்க டின்னுக்கு எர்த் ஒயர் பற்றவைத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த டிக் டிக் சனியன் நின்றது. "யாருகிட்ட!" என்று டின்னைத் தட்டிக் கொடுத்தேன். பீற்றிக்கொள்ளத்தான் ஆளில்லை. அவள் மேயப் போன மாட்டைத் தேடிக் கொல்லைப் பக்கம் போயிருந்தாள்.

ஸ்பீக்கரில் சரக், சரக் என்று ராகித் தாளைப் பிடுங்கும் சத்தம். மாடு பூந்துவிட்டது என்று எரிச்சலோடு அவளுக்குப் போன் போடப் போனேன். அதற்குள் அவள் குரல் மைக்கை ஒட்டி, வெறும் மூச்சாக வந்தது.

"ஏங்க, கேக்குதா? ரெண்டு நிக்குது. வேலிக்கு உள்ளாறயே நிக்குது. நான் கம்பத்துக்கிட்ட உக்காந்துட்டேன். வராதிங்க. போனு மட்டும் போட்டுறாதிங்க, சாமி."

விரல் அவள் பெயர்மேல் இருந்தது. அவள் போன் அடித்தால் அடுத்த ஊருக்கே கேட்கும். என் போனை அணைத்துத் தூர வைத்தேன். "கேக்குதும்மா, கேக்குது," என்று ஸ்பீக்கரைப் பார்த்துக் கத்தினேன். கத்தி என்ன பிரயோசனம்? மைக் அவளிடம்தானே இருக்கிறது. ஓடினால் யானை மிரண்டு அவள் பக்கமே திரும்பும். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சரக், சரக். அப்புறம் காது விசிறும் சத்தம். நடுவில் அவள் மூச்சு. நான் செய்த பாழாய்ப்போன பெட்டி ஒரு சத்தத்தையும் விடாமல் கொடுத்தது. அப்படி ஒரு பயம் என் ஜென்மத்தில் பட்டதில்லை.

வெகுநேரம் கழித்து, "போயிருச்சுங்க," என்றாள்.

வீட்டுக்கு வந்தவள் செம்புத் தண்ணீரை அப்படியே குடித்தாள். "அந்தாண்டப் பக்கம் காஞ்ச மரத்த வேலி மேல தள்ளிட்டு வந்திருக்குதுங்க. கரண்டே இல்ல. அந்த டிக் டிக் நின்னது உங்களுக்குத் தெரியலியா?"

"தெரிஞ்சுது. நான்தான் நிறுத்திட்டேன்னு குதிச்சேன்," என்றேன்.

திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் மரத்தை இழுத்துப் போட்டுக் கம்பியைக் கட்டினோம். எர்த் ஒயர் அப்படியேதான் இருந்தது. டிக், டிக் என்று திரும்ப ஆரம்பித்தது. அடுப்படியிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள்.

"சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வைங்க."